தேசப்பனின் காத்து எஞ்சின்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் போன் வராது என்று நினைத்தேன். எங்கே! மாதத்துக்கு ஒருத்தராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். என்னோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்த பையன்கள்தான் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். "மேடம், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு விலைக்கு வருது. ரேடியேட்டர் கிடையாது, காத்துலயே குளிர்ற எஞ்சின். நம்பி வாங்கலாமா? எஞ்சின் போயிட்டா மறுபடி கட்ட என்ன செலவாகும்?" என்று மூச்சு விடாமல் கேட்பார்கள். "எஞ்சினை நம்பலாம்ப்பா. இதுவரைக்கும் அதை வைத்திருந்தவன் என்னென்ன செய்தான் என்று முதலில் விசாரி" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் இந்த அம்மாவுக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த மாதிரி எஞ்சின் எல்லாம் குளிர் நாட்டுக்குத்தான் சரி, நம் ஊர் வெயிலில் வெந்துபோகும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிரித்துப் பார்த்தவற்றில் வெயிலால் செத்த எஞ்சின் மிகக் குறைவு. செலவு விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். சாதாரணக் காரில் எல்லாச் சிலிண்டரும் ஒரே இரும்புக் கட்டிக்குள் இருக்கும், தேய்ந்தால் குடைந்து பெரிதாக்கிவிடலாம். இதில் ஒவ்வொரு சிலிண்டரும் தனி. சுற்றிலும் மெல்லிய விசிறி மடிப்புகள். ஒன்று போனாலும் பிஸ்டனோடு சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும், அந்த செட் கப்பலில் வர வேண்டும். காரை வாங்கின விலையை எஞ்சின் தின்றுவிடும். அப்படி ஒரு எஞ்சினால் ஒரு வீடே உடைந்து கிடந்ததைப் பார்த்தவள் நான்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. அப்பா கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கினார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எஞ்சின் கட்டுகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாமான்களைக் கெரசினில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஃபோர்மேன் பாஷா பாய். புதிதாக யார் வந்தாலும் அவர் ஒரு பரீட்சை வைப்பார். பளபளவென்று மின்னுகிற ஒரு பேரிங்கைக் கையில் கொடுத்து, "நல்லா புடிச்சிப் பாத்துட்டு வச்சிட்டுப் போ" என்பார். மறுநாள் காலையில் அந்தப் பேரிங்கில் பிடித்தவனின் விரல் ரேகை துருவாகப் பூத்திருக்கும். வியர்வை உப்பு. நம் பக்கத்தில் யாருக்குத்தான் கை வியர்க்காது! அவர்களுக்கு எல்லாம் எஞ்சின் அறைக்கு வெளியே எடுபிடி வேலைதான். என் பேரிங் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கஸ்தூரி, ஒனக்குக் கை வேர்க்காதா?" என்றார். "கோவந்தான் வரும் பாய், வேர்வ வராது" என்றேன். அன்றைக்கே என்னைக் கெரசின் தொட்டியிலிருந்து கூட்டிப்போய் எஞ்சின் கட்டுகிற அறையில் உட்காரவைத்தார். அளவு பார்க்கிற கேஜைக் கையில் கொடுத்தார். சில வருஷத்தில் அந்த அறைக்கு நான்தான் என்றாகிவிட்டது.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பிரித்துப் போடாமல் செலவு சொல்லவே மாட்டார். "பிரிக்காம ரேட்டு சொல்றவன் ஜோசியக்காரன், அவன்கிட்ட போ" என்று அனுப்பிவிடுவார். பிரித்த பிறகு ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரிப்பார். முதல் சிலிண்டரின் சாமான் ஒரு வரிசை, இரண்டாவதின் சாமான் அடுத்த வரிசை என்று, வண்டிக்குள் எப்படி இருந்ததோ அந்தப் பக்கம் மாறாமல் அடுக்குவார். கழுவ விடமாட்டார். கரியும் எண்ணெயும் அப்படியே இருக்கணும். சொந்தக்காரரை வரவழைத்து, முக்காலி போட்டு உட்காரவைத்து, "தொட்டுப் பாரு" என்று மட்டும் சொல்வார். வேறு பேச்சே கிடையாது. நீ தப்புப் பண்ணிட்டே என்று ஒரு வாடிக்கையாளரிடம்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. எத்தனையோ தடவை வாயைக் கொடுத்துவிட்டுப் பாயின் முறைப்பை வாங்கியிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் டெம்போவில் கட்டி ஒரு சிவப்புக் கார் வந்தது. இரண்டே கதவு, தவளை மாதிரி தரையோடு படுத்திருந்தது, எஞ்சின் பின்னால். ஜெர்மன்காரன் செய்தது. எப்போதோ துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். பல கை மாறி, ராயபுரத்தில் ஒரு கொல்லையில் கோழி அடைக்கிற கூண்டாகக் கிடந்ததைத் தேசப்பன் வாங்கியிருக்கிறார். தேசப்பன் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர். காசிமேட்டில் சொந்தமாக ஒரு விசைப்படகு. ஒரு நல்ல இறால் சீசனில் கையில் காசு புரண்டபோது இந்தக் காரின்மேல் ஆசை வந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் பெண்டாட்டியை உட்காரவைத்து, எண்ணூர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். ராஜா மாதிரி இருப்பார்.

அவருடைய ஒரே மகன் ஏழுமலை. காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். காரின் எஞ்சின் புகைய ஆரம்பித்ததும் தேசப்பன் மகனிடமே கொடுத்தார். அவனும் வெளிநாட்டு செட் வரவழைத்துப் பிரித்துக் கட்டிக் கொடுத்தான். கட்டின சில வாரத்திலேயே, மாட்டு மந்தை மாதிரி கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கிற எண்ணூர் ரோட்டு நடுவில், எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். குப்பத்துப் பையன்கள் வந்து தள்ளிக்கொண்டு போனார்களாம். மானம் போச்சு என்று தேசப்பன் கொதித்துப்போய், மறுநாள் காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் மகனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். "இவன் கை வெளங்காத கை. இவன் தொட்ட எஞ்சின் சாவும்!"

கேட்கிறவர்களுக்கு இது ஏதோ அப்பன் மகன் சண்டை என்று தோன்றும். அப்படி இல்லை. கடலுக்குப் போகிறவனுக்கு எஞ்சின்தான் உயிர். நடுக்கடலில் நின்றுபோனால் தள்ளிவிட அங்கே யார் வரப்போகிறார்கள்? பெற்ற அப்பனே, அதுவும் படகுக்காரனே, இவன் கை ஆகாது என்று ஏலக்கடையில் சொன்ன பிறகு எவன் தன் படகைக் கொடுப்பான்? அன்றோடு ஏழுமலைக்கு வேலை நின்றது. அவனும் ரோஷக்காரன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டான். அப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாக்காரி பஸ் ஏறிப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்புவாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவனைக் கொருக்குப்பேட்டை யார்டில் நானே பார்த்தேன். சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் படகுச் சாமான் கொண்டுவந்த பழக்கம்.

"இன்னாடா இது, நீ இங்க இன்னா பண்ற?" என்றேன்.

"இன்னாக்கா பண்றது? கைய்யி வெளங்காதுன்றாங்கோ. முதுகு வெளங்குதா பாக்கலாம்னு வந்துகிறேன்" என்று சிரித்தான். சிமெண்டுத் தூள் அப்பிய முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அதனால் அந்தக் கார் எங்களிடம் வந்து, எஞ்சினைப் பிரிக்கிற அன்றைக்கு நான் அளவுக் கேஜை எடுத்தபோதே ஒரு வேகத்தில்தான் எடுத்தேன். ஏழுமலை தப்புச் செய்திருந்தால் தெரியட்டும், செய்யவில்லை என்றால் அதுவும் தெரியட்டும். ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கழற்றினோம். எல்லாம் ஒரே இறுக்கம். பிஸ்டன் ரிங்குகளின் வாய் ஒன்றுக்கு நேராக ஒன்று வராமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தான். சுத்தமான வேலை. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும். பிறகு அவற்றை அளந்தேன். குறுக்கே ஓர் அளவு, மேலிருந்து கீழே வேறொரு அளவு. வட்டமாக இருக்க வேண்டியது முட்டையாகக் கோணியிருந்தது. ஒன்று அல்ல, எல்லாமே. எல்லாம் ஒரே திசையில். பிஸ்டனிலும் அப்படித்தான். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, கீழ்ப்பக்கம் கீறிக் கிழிந்திருந்தது. பாய் தலையைக் காருக்கு அடியில் விட்டு நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தேசப்பனக் கூப்புடு" என்றார்.

தேசப்பன் வந்தார். முட்டி வலி, தாங்கித் தாங்கி நடந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து வேட்டியில் கிடந்த சாமான்களைப் பார்த்தார். பாய் வழக்கம்போல், "தொட்டுப் பாரு தேசப்பா" என்றார்.

கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரலால் ஒரு பிஸ்டனைத் தடவினார். "மேல சோக்கா கீது. கீய மட்டும் கோடு கோடா கீது" என்றார். அடுத்ததைத் தொட்டார். "இதுவும் கீயதான்."

"எல்லாம் கீயதான்" என்றார் பாய்.

"அப்ப அந்தப் பேமானி கீய ஒயுங்கா மாட்டல. நாந்தான் சொன்னனே பாய், அவன் கைய்யி..."

எனக்கு வந்ததே கோபம்! "நைனா! ரவுண்டா கீற பிஸ்டனுக்கு மேல ஏது, கீய ஏது? மேல நல்லா மாட்னவன் கீய மட்டும் தப்பா மாட்டுவானா? வாய்க்கு வந்தத பேசாத!"

பாய் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அவர் மெதுவாகக் கேட்டார். "எஞ்சினுக்கு அடியில தகரம் ஒன்னு இருக்கணுமே தேசப்பா. சிலிண்டரச் சுத்தி வளைஞ்சி வரும். அது எங்க?"

தேசப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா? நாந்தான் கயட்டிப் போட்டன்! உப்புக்காத்துல துருப் புடிச்சி கடகடன்னு ஆடிக்கினு கெடந்துச்சி. இவன் இன்னாடான்னா அத்தப் போயி தட்டி, பெயிண்ட் அடிச்சி, திரும்பவும் மாட்டி வச்சிகிறான். காத்துல ஓடுற எஞ்சினுக்கு எதுக்குடா போர்வன்னு நானே கயட்டிக் காயலான் கடையில போட்டன். போட்ல எஞ்சின் சூடாச்சின்னா மூடியத் தொறந்து காத்து உடுவோம்ல, அதே மாரிதான். நல்லா மூச்சு உடட்டும்னு."

நான் பாயைப் பார்த்தேன். அவர் ஒரு சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் தேசப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க வூட்ல வெறகு அடுப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சி. இன்னாத்துக்கு?"

"ஊதாங்கொழல் இல்லாம வாயால ஊதினா இன்னா ஆவும்?"

"சாம்பல் மூஞ்சில அடிக்கும். அடுப்பு எரியாது."

"அதான். இதுல ஃபேன் மேலேந்து ஊதுது. அந்தக் காத்த சிலிண்டரோட அடிவயித்துக்குக் கொண்டுபோற ஊதாங்கொழலுதான் அந்தத் தகரம். அது இல்லன்னா காத்து மேலாப்புல பட்டுட்டு செதறிப் பூடும். மேல குளிரும், கீய வேவும். வெந்தது கோணிக்கும். கோணினது புடிச்சிக்கும்."

தேசப்பன் அந்தச் சிலிண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே விரலை விட்டுச் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

"அப்ப எம் புள்ள செஞ்ச வேல?"

"அளந்தது கஸ்தூரி. அவளக் கேளு."

திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை. பாவமாகப் போய்விட்டது. "ஒரு கொற இல்ல நைனா. நான் கட்டினாலும் இத்தவிட நல்லா கட்டியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

பாய் அவர் தோளில் கை வைத்தார். "நீ எஞ்சினுக்கு நல்லதுதான் நெனச்ச தேசப்பா."

"எஞ்சினுக்கு நெனச்சன் பாய்" என்றார். "புள்ளைக்கு நெனைக்கலியே." சிலிண்டரை அதன் வரிசையிலேயே வைத்துவிட்டு, செலவு என்ன என்றுகூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

எஞ்சின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்த வருஷம் அதை நாங்கள் கட்டவில்லை. பிறகு ஒரு நாள் ஏழுமலையே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து கட்டினான். தகரத்துக்கு மட்டும் நாங்கள் அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. கடைசியில் திருவொற்றியூரில் ஒரு டிங்கர் கடையில் அளவு கொடுத்து வளைத்து வாங்கினோம். அதற்குப் பிறகு நம் ஊர் வெயிலிலேயே வருஷக்கணக்காக ஓடியது. வெயில் தாங்காது என்று சொல்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்லட்டும்.

தேசப்பன் எழுந்து போன பிறகு ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஏழுமலை இன்னும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. "இன்னா பாய் மனுஷன் இவரு? பஸ் ஏறி புளியந்தோப்புக்குப் போயி, தப்புதான்டா கண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சி பூடுமா?" என்று பொரிந்து தள்ளினேன்.

"புளியந்தோப்புல சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார் பாய். "சொன்னது ஏலக்கடையில. அத்த வாபஸ் வாங்குறதும் அங்கதான் வாங்கணும். கெயவனுக்குக் கொஞ்சம் டைம் குடு."

அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், எஞ்சின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். தேசப்பன் தன் படகு எஞ்சினை வேறு ஒரு மெக்கானிக்குக்குப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தார். ஒரு நாள் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் புளியந்தோப்புக்குப் போயிருக்கிறார். வீட்டுக்குள்கூடப் போகவில்லையாம். படிக்கட்டிலேயே நின்று, "போட்டு எஞ்சின பிரிக்கணும். வர்றியா?" என்றாராம். அதை எனக்குச் சொன்னது ஏழுமலை. "மன்னிப்பு எதுனா கேட்டாராடா?" என்றேன். "போட்டக் குட்த்துட்டாருக்கா, வேற இன்னா வோணும்" என்றான். அவன் அப்படித்தான். எனக்கு அது போதவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற காலையில் பாயையும் என்னையும் தேசப்பன் காசிமேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மாலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்துப் படகுகள் வரிசையாக நின்றன. ஐஸ் ஏற்றுகிற சத்தம், பட்டாசு, பெண்களின் கூச்சல். தேசப்பனின் படகு மட்டும் கிளம்பவில்லை. ஆட்கள் ஏறாமல் கரையில் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எட்த்துக்காத நைனா. நீயே அன்னிக்கு சொன்ன. எங்களுக்கும் புள்ள குட்டி கீது. அவன் தொட்ட எஞ்சின்ல எப்டிப் போறது?"

ஏழுமலை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். அவன் காது மடல் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது.

தேசப்பன் தாங்கித் தாங்கி நடந்து ஏலம் போடுகிற இடத்துக்குப் போனார். மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினார்.

"அல்லாரும் கேட்டுக்கோங்கோ!" என்று கத்தினார். "கார் எஞ்சின சாவடிச்சது எம் புள்ள இல்ல. நானு! அவன் மாட்டின தகரத்த நாந்தான் கயட்டி எறிஞ்சேன். கயட்டி எறிஞ்சிட்டு, பயிய அவன் மேல போட்டன். இதே எடத்துல நின்னு பேசினன். இப்ப இதே எடத்துல சொல்றன். கைய்யி வெளங்காதவன் நாந்தான். அவன் இல்ல!"

யாரோ ஒரு பொம்பளை "சரி, எறங்கு நைனா, வியிந்துறப் போற" என்றாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, அழுதுவிட்டேன்.

அவர் இறங்கித் தன் படகுக்கு வந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். அந்த முட்டியோடு பலகையில் ஏறுவதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்து ஏழுமலை ஓடிவந்து பிடித்தான். "இன்னா நைனா பண்ற? உன்னால முடியாது, எறங்கு" என்றான். கிழவர் கையை உதறிவிட்டு ஏறி, எஞ்சின் மூடியின்மேலேயே போய் உட்கார்ந்துகொண்டார். "எம் புள்ள கட்டின எஞ்சினு. நான் போறன். வர்றவன் வாங்கோ, வராதவன் வூட்டுக்குப் போங்கோ!"

முதலில் அந்த மூத்தவர் ஏறினார். பிறகு மற்றவர்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. எஞ்சின் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. கறுப்புப் புகை ஒரு தடவை வந்து தெளிந்தது. ஏழுமலை காதைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். பிறகு கரையில் குதித்துக் கயிற்றை அவிழ்த்து வீசினான்.

படகு கொஞ்சம் விலகியதும் தேசப்பன் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"இன்னாடா மொறச்சிக்கினு நிக்கிற? வூட்டுக்குப் போ! ஒங்கம்மா நாஸ்தா வச்சிக்கினு காத்துக்கினு கீறா!"

ஏழுமலை ஸ்பேனரை என் கையில் திணித்துவிட்டு, எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவைப் பார்த்து ஓடினான்.